நல்ல எனாமல்

ஒட்டிய பல்லை உடைப்பதற்கு முன் இருபத்துநான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடல் சூட்டில் இருக்கும் தண்ணீரில் அது பேசாமல் கிடக்க வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே உடைத்தால் ஒட்டு முழுதாக இறுகியிருக்காது. வருகிற எண்ணை நம்ப முடியாது. காத்திருப்பது எனக்குச் சிரமமில்லை. வீட்டில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர்.

என் குரல் மேசைக்கு அந்தப் பக்கம் எட்டவில்லை என்று விசாரணையின் முதல் நாளே சொன்னீர்கள். எழுதி வந்து படிக்க அனுமதித்தீர்கள். நன்றி. நேற்று சாயங்காலம், இந்த விசாரணையை இன்றோடு முடித்துவிடலாம் என்றீர்கள். 'அளப்பதில் ஏற்பட்ட கவனக்குறைவு' என்று எழுதப்போவதாகவும் சொன்னீர்கள். அப்படி எழுதினால் வேலை போகும், அதற்கு மேல் எதுவும் ஆகாது என்று உங்கள் பக்கத்தில் இருக்கும் வக்கீல் அம்மா எனக்கு விளக்கினார். சுவரோரம் உட்கார்ந்திருந்த என் அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன். கவனக்குறைவு என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால்தான் இதை எழுதினேன்.

இது நடந்தபோது எனக்கு இரண்டு வேலைகள். மதியம் வரை கல்லூரியின் ஆய்வுக்கூடம். சாயங்காலம், இரண்டு தெரு தள்ளி இருக்கும் டாக்டரின் பல் மருத்துவமனை. டாக்டர் கோணல் பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர். இப்போது அவரும் இந்த அறையில்தான், சன்னல் பக்கம் இருக்கிறார். மூன்று நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை பல்லை உடைப்பது. சரியாகச் சொன்னால், பல்லில் ஒட்டியதை உடைப்பது. நீங்கள் மூவரும் என்றாவது சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டிருப்பீர்கள். அடைத்தது சில பேருக்குப் பத்து வருடம் நிற்கும். சில பேருக்கு அடுத்த மாதமே சோற்றோடு சேர்ந்து வந்துவிடும். ஏன் என்று கேட்டால் எல்லோரும் மருத்துவரைத் திட்டுவார்கள். பல்லுக்கு மேலே இருக்கிற எனாமலுக்கும் அடைப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒட்டு இருக்கிறது. அந்த ஒட்டு எவ்வளவு விசையில் முறியும் என்பதுதான் கேள்வி. பல்லை ஒரு கட்டியில் பதித்து, எனாமலை நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்து, ஒட்டுத்திரவம் தடவி, நீல ஒளியில் இறுக வைத்து, மேலே கடுகளவு அடைப்பு வைப்பேன். மறுநாள் இயந்திரத்தில் ஒரு மழுங்கிய கத்தி மெதுவாக இறங்கி அதைத் தள்ளும். டக் என்று ஒரு சின்னச் சத்தம். திரையில் ஓர் எண். ஒரு நாள் முழுக்கச் செய்த வேலைக்கு அந்த ஓர் எண்தான் கூலி.

பேராசிரியர் ஒரு புதுத் திரவம் செய்திருந்தார். பழைய முறையில் முதலில் எனாமலில் ஆசிட் வைத்துக் கழுவ வேண்டும். அது புளிக்கும், சின்னப் பிள்ளைகள் நாக்கை நீட்டிக் கெடுத்துவிடுவார்கள். புதுத் திரவத்துக்கு ஆசிட் வேண்டாம். அது பழையதைப் போலவே பிடிக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். முப்பது பல்லில் பழையது, முப்பது பல்லில் புதியது. மொத்தம் அறுபது. இதில் கெட்ட நோக்கம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

சிக்கல் பற்களில் இருந்தது. ஊரில் உள்ள மருத்துவமனைகளில் பிடுங்கிப் போட்டதை எல்லாம் பாட்டில் பாட்டிலாக வாங்கி வருவோம். கிழவர்களின் பல், வெற்றிலைப் பல், பாதி சொத்தை தின்ற பல். வெளியே நன்றாக இருக்கும். விளக்கில் பிடித்தால் மயிரிழை போல் விரிசல் ஓடும். ஒரே திரவம், ஒரே கை, ஒரே இயந்திரம். ஒரு பல்லில் பதினொன்று வரும், அடுத்ததில் இருபத்தேழு, அதற்கடுத்ததில் ஆறு. எட்டு மாதம் இப்படியே போனது. சன்னல் சரியாக மூடாத அந்த அறையில் உட்கார்ந்து, என் கை நடுங்குகிறதா என்று என் விரல்களையே நான் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. நடுங்கவில்லை. ஒரு நாள் பேராசிரியர் எண்களைப் பார்த்துவிட்டு, எல்லோரும் இருக்கும்போது, "என்னம்மா இது, ஆராய்ச்சியா லாட்டரியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் கவனமாகச் செய்தால் என்ன என்றும் கேட்டார். பல்லில்தான் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தேன். நான் வாயெடுப்பதற்குள் பேச்சு எப்போதும் வேறு எங்கோ போய்விடும்.

அந்த வாரம்தான் டாக்டரின் மருத்துவமனையில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்குக் கம்பி கட்டுவதற்காக நான்கு பற்களை எடுத்தார்கள். தாடை சின்னது, பற்கள் பெரியவை, இடம் போதவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கோரைப்பல்லை அடுத்திருக்கும் பல்லை, மேலே இரண்டு, கீழே இரண்டு எடுத்துவிட்டு மற்றதை நகர்த்துவார்கள். குப்பைக்குப் போகிற பல்தானே என்று டாக்டரிடம் கேட்டு, பெண்ணின் அம்மாவிடமும் சொல்லி வாங்கிக்கொண்டேன். இந்த அனுமதி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

நான்கையும் பழைய முறையில் ஒட்டி உடைத்தேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று.

அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எட்டு மாதமாக எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்த அறையில் திடீரென்று அமைதி வந்தது போல இருந்தது. நாக்கு மட்டுமே தொட்ட எனாமல். வாய்க்குள் வந்து ஒரு வருடம்கூட ஆகாதது. அன்று என் கை மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. இனி மற்ற பல்லைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து, கணக்கை முதலிலிருந்து தொடங்கினேன். ஒரே குழந்தையின் இடப்பக்கப் பற்களில் பழையது, வலப்பக்கத்தில் புதியது. அதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடையாது.

பதினைந்து குழந்தைகள் வேண்டும். டாக்டரோ பல்லெடுக்கத் தயங்குகிறவர். முடிந்தவரை எடுக்காமல் சமாளிப்பார். அடுத்த ஐந்து மாதத்தில் எனக்குக் கிடைத்தது மூன்றே குழந்தைகள். பேராசிரியர் தினம் கேட்பார். இன்னும் ஏழு மாதத்தில் என் ஒப்பந்தம் முடிகிறது என்று ஞாபகப்படுத்துவார். நான் என்ன, பல்லை நட்டு வைத்தா அறுவடை செய்ய முடியும்?

டாக்டரிடம் என் வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். குழந்தையின் வாயில் அச்செடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, அந்தப் பிளாஸ்டர் பற்களை அளப்பேன். பற்களின் அகலத்தையெல்லாம் கூட்டினால் தேவையான இடம். ஒரு பித்தளைக் கம்பியைத் தாடையின் வளைவில் படிய வைத்து, பிறகு நீட்டி அளந்தால் இருக்கிற இடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பற்றாக்குறை. நான்கு மில்லிமீட்டருக்குள் என்றால் பல்லெடுக்க வேண்டாம். எட்டோ அதற்கு மேலோ என்றால் எடுத்தாக வேண்டும். நடுவில் இருந்தால் டாக்டர் யோசிப்பார். அவர் ஒரு வாய்க்குள் வேலையாக இருக்கும்போதே, "எவ்வளவும்மா?" என்பார். நான் எண்ணைச் சொல்வேன். என் வாழ்க்கையில் நான் ஒரு தடவை சொல்லி, யாரும் திரும்பக் கேட்காத ஒரே விஷயம் அதுதான். பெற்றோர்களிடம் என்னைக் காட்டி, "இவ அளந்தா அளந்ததுதான்" என்று டாக்டர் சொல்வார்.

முதலில் ஒரு பையன். ஏழரை வந்தது. எட்டு என்றேன். அரை மில்லிமீட்டர் என்பது பென்சில் கோட்டின் தடிமன். நீங்கள் அளந்தாலும் அந்த வித்தியாசம் வரும்.

அடுத்தது ஏழு. அதற்கடுத்தது ஆறு. அதையெல்லாம் எட்டரை, ஒன்பது என்று சொன்னேன். கம்பியைப் பல்லின் வெளி விளிம்பில் வைப்பதற்குப் பதில் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் வளைவு சுருங்கும். ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் பலருக்குக் கோரைப்பல் ஈறுக்குள்ளேயே இருக்கும். அது இறங்கும்போது எவ்வளவு இடம் கேட்கும் என்பதை அட்டவணை பார்த்துத்தான் சொல்ல முடியும். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தாலும் கண்ணால் சொல்லிவிட முடியாது. அவருடைய கவனக்குறைவு என்றும் இதை எழுதாதீர்கள். அவருக்கு என்னைச் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை.

எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படிச் சொல்லவில்லை. எனாமலில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கறையோ இருந்தால் என் ஆய்வுக்கு ஆகாது. அந்தக் குழந்தைகளுக்கு நான் எப்போதும் சரியான அளவையே சொன்னேன்.

ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, "வலிக்கிற பல்லைப் பிடுங்கினா சரி. வலிக்காத பல்லு என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். டாக்டர்தான் பதில் சொன்னார். நாலு பேர் உட்காருகிற பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். தகப்பனார் சிரித்துவிட்டு மகளை உள்ளே அனுப்பினார். அந்தப் பெண் நாற்காலியில் இருந்தபோது நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழுதாள். மரத்துப்போன உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு நான் பஞ்சு மாற்றிவிட்டேன். கடிக்கும்படி மெதுவாகச் சொன்னேன். அவளிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரிடமும் பேசியதில்லை.

எண்கள் அழகாக வந்தன. ஒவ்வொரு குழந்தைக்கும் இடப்பக்கம் இருபத்திரண்டை ஒட்டி, வலப்பக்கம் பதினைந்தை ஒட்டி. அதாவது புதுத் திரவம் தோற்றுக்கொண்டிருந்தது. பாதியிலேயே அது தெரிந்துவிட்டது. பேராசிரியரிடம் சொன்னபோது முகம் சுண்டிப்போய், கிடப்பில் போடு என்றார். பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை. தோற்றது என்று சந்தேகமில்லாமல் சொல்வதற்கும் நல்ல பல் வேண்டும். பழைய பாட்டில்களை வைத்துக்கொண்டு பத்து வருடம் உடைத்திருந்தாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. திட்டத்தில் அறுபது என்று எழுதியிருந்தேன். ஐம்பத்தாறில் நிறுத்துவதைத்தான் நான் கவனக்குறைவு என்பேன்.

மூன்று நாளாக நீங்கள் யார் கையெழுத்துப் போட்டது, யார் சாவி வைத்திருந்தது என்று கேட்கிறீர்கள். கிடைத்த முடிவு என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால் சொன்னேன்.

இது எப்படி வெளியே வந்தது என்பது டாக்டர் இங்கே சொன்னதிலேயே இருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பல்லெடுத்த இடைவெளி எவ்வளவு இழுத்தும் மூடவில்லை. இழுத்து மூடியவர்களுக்கு உதடு உள்ளே போய், பதின்மூன்று வயதில் கிழவி முகம் வந்தது. ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதில்லை என்று அவள் அம்மா இங்கே வந்து சொன்னார். டாக்டர் அலமாரியிலிருந்த பிளாஸ்டர் அச்சுகளை எடுத்துத் தானே உட்கார்ந்து அளந்தார். அந்த அறுபது பற்களுக்கு உரியவர்கள் மொத்தம் பதினைந்து பேர். நான்கு பேருக்கு நான் சொன்னது சரி. பத்துப் பேருக்குத் தவறு. மிச்சம் ஒரு குழந்தை. அதன் அச்சு அலமாரியில் இல்லை. கழுவும்போது கை தவறி உடைந்துவிட்டது என்று நான் அப்போதே சொல்லியிருந்தேன்.

அந்தக் குழந்தை என் அக்கா மகள். வீட்டில் எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பதிலாகப் பேசியவள் அவள்தான். சொந்தக்காரர்கள் என்ன படிக்கிறாய் என்று என்னைக் கேட்டால் அவள் பதில் சொல்வாள். டாக்டரிடம் போய், என் தங்கை வாய்க்குள்ளேயே பேசுவாள், ஆனால் கை சுத்தம் என்று சொல்லி இந்த வேலையை வாங்கித் தந்தவளும் அவள்தான். முந்தாநாள் இதே நாற்காலியில் உட்கார்ந்து உங்களிடம் அவள் சொன்னது இது: "எம் பொண்ணுக்கும் இவதாங்க அளந்தா. தெரிஞ்சு செய்றவ அக்கா பிள்ளை வாயில கை வைப்பாளா?" அதைக் கேட்ட பிறகுதான் உங்கள் முகங்கள் இளகின. கவனக்குறைவு என்ற சொல்லும் அதற்குப் பிறகுதான் வந்தது. அக்கா சொன்னதை வைத்துத்தான் என்னை விடப்போகிறீர்கள்.

வாலுவுக்கு அப்போது பதினொன்றரை வயது. மேலே ஒரு பல் லேசாகத் திரும்பியிருந்தது. கோரைப்பற்கள் இறங்கவில்லை. சும்மா காட்டிவிட்டுப் போகலாம் என்று அக்கா கூட்டி வந்தாள். எனக்கு அந்த வாயை முன்பே தெரியும். அவள் என் மடியில் விழுந்து சிரிக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. அவளுக்கு முன் வந்த ஆறு குழந்தைகளுக்குக் கறை இருந்தது. என் ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருந்தது.

அச்செடுத்தேன். அளந்தேன். டாக்டர் உள்ளேயிருந்து எவ்வளவு என்று கேட்டார். எட்டரை என்றேன். அக்காவுக்கு முகம் மாறியது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எடுத்துத்தான் ஆகணுமா, நீ சொல்லு, நீ சொன்னா சரி என்றாள். எடுப்பது நல்லது என்றேன். அவள் வேறு யாரையும் கேட்கவில்லை.

நாற்காலியில் ஏறும்போதுகூட வாலு வாயை மூடவில்லை. "சித்தி, இந்தப் பல்லை வெச்சு நீ என்ன பண்ணுவ?" என்றாள். உடைப்பேன் என்றேன். "அடப்பாவி, அப்ப உடைக்கிறதுக்குத்தான் பிடுங்குறீங்களா?" என்றாள். டாக்டர் சிரித்தார். அக்கா அவள் தலையில் செல்லமாகத் தட்டினாள். நானும் சிரித்தேன்.

இப்போது அவள் சிரிக்கும்போது உள்ளங்கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொள்கிறாள். கம்பியைக் கழற்றிய பிறகும் இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கிறது. தாடை வாகு அப்படி என்று அக்கா எல்லோரிடமும் சொல்கிறாள். அப்பா வழியில் வந்தது என்கிறாள்.

நேற்று நீங்கள் என்னிடம், அளக்கும்போது களைப்பாக இருந்திருக்கலாம் இல்லையா என்று பரிவோடு கேட்டீர்கள். நான் தலையாட்டவில்லை, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. நான் களைப்போடு எதையும் அளந்ததில்லை. ஒவ்வொரு அச்சையும் மூன்று முறை அளப்பேன். மூன்றும் ஒன்றாக வராவிட்டால் நான்காவது முறை. அந்தப் பத்துக் குழந்தைகளுக்கும் உண்மையான அளவு என்ன என்று இப்போதுகூட மனப்பாடமாகச் சொல்வேன். டாக்டர் திரும்ப அளந்தது என் அளவோடு பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட விலகாது. வேண்டுமானால் சரிபாருங்கள். வாலுவின் அச்சும் கை தவறி உடையவில்லை. என் கையிலிருந்து எதுவும் தவறி விழுந்ததில்லை. அதை நான்தான் தரையில் வைத்து, ஒரு துணியைப் போட்டு மூடி, சுத்தியலால் உடைத்தேன்.

எழுதி வந்தது இவ்வளவுதான். கடைசி வரியை மட்டும் எழுதவில்லை. அதை உங்களிடம் சொல்வதைவிட அவளிடம் சொல்வதுதான் முறை. சத்தமாகவே சொல்கிறேன்.

அக்கா, இங்க பாரு. வாலுவுக்கு இடம் குறைஞ்சது மூணு மில்லிமீட்டர்தான். பல்லை எடுக்கவே வேண்டியதில்ல. நான் அன்னைக்குச் சரியாத்தான் அளந்தேன்.